வீட்டுக்கு வந்த நாள்



இரத்மலானையில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். கலியாணமாகிப் பதினொரு வருஷமாகியும் அவர்களுக்குப் பிள்ளையில்லை. தகப்பன் மௌத்தாகி, தாயால் வளர்க்க வழியில்லாமல் இருந்த ஒரு பெண் குழந்தையை நாற்பதாம் நாளிலேயே எடுத்து வளர்த்தார்கள். அந்தப் பிள்ளை வீட்டுக்கு வந்த நாளை ஒவ்வொரு வருஷமும் மறக்காமல் வைத்திருந்தார்கள். கேக்கும் இல்லை, மெழுகுவர்த்தியும் இல்லை. அன்று வாப்பா வேலைக்கு லீவு போடுவார். அஸர் தொழுதுவிட்டு மூவரும் பஸ்ஸேறித் தெகிவளை மிருகக்காட்சிச்சாலைக்குப் போவார்கள். 1936 முதல் அரசாங்கம் நடத்திவரும் அந்த இடத்தில், நான் சொல்லும் தொண்ணூறுகளில், மாலை ஐந்து மணிக்குப் பிறகு யானைகளின் ஆட்டம் நடக்கும். அதைப் பார்த்து, பக்கத்துப் பள்ளியில் மஃரிபைத் தொழுது, வெள்ளவத்தையில் ஒரு ஹோட்டலில் இராச்சாப்பாடு. பிள்ளைக்குக் கொத்து ரொட்டியும் பலூடாவும். இதுதான் அவர்களுடைய விசேஷம்.

அக்கம்பக்கத்துப் பெண்கள் இதைச் சும்மா விடவில்லை. "பிறந்த நாளே வேண்டாம் என்கிறோம், இதென்ன புதுப் பழக்கம்?" என்றார் ஒருவர். "ஊரே மறந்திருக்கிற விஷயத்தை வருஷா வருஷம் நீங்களே கிளறுகிறீர்களே, பிள்ளையின் மனம் உடையாதா?" என்றார் இன்னொருவர். முதல் கேள்விக்கு மார்க்கம் தெரிந்தவர்கள் பதில் சொல்லட்டும். அந்தக் குடும்பம் அதைப் பெருநாளாகவும் நினைக்கவில்லை, இபாதத்தாகவும் நினைக்கவில்லை. உங்கள் மனதுக்குச் சங்கடமாக இருந்தால் நாள் குறிக்காமல் ஏதோவொரு நாளில் பிள்ளையைக் கூட்டிப் போங்கள். எனக்கு முக்கியமாகப் படுவது இரண்டாவது கேள்விதான்.

நம்மில் பலர் எடுத்து வளர்க்கும் பிள்ளையிடம் உண்மையை மறைக்கிறோம். பாசத்தால்தான் மறைக்கிறோம். ஆனால் பிள்ளைக்குத் தெரியவராமல் போவதில்லை. கலியாண வீட்டில் ஒரு கிழவி சொல்லுவாள், சண்டையில் ஒரு சின்னம்மா வீசுவாள், நிக்காஹ் எழுதும்போது வலி யார் என்ற கேள்வி வரும். இருபது வயதில் பிறர் வாயால் கேட்கும் பிள்ளைக்கு, தான் தத்தெடுக்கப்பட்டது பெரிய துக்கமாக இருக்காது. இத்தனை வருஷம் உம்மா என்னிடம் பொய் சொன்னாவே என்பதுதான் துக்கம்.

மறைப்பதை நம் மார்க்கமும் விரும்பவில்லை. ஸைத் இப்னு ஹாரிஸா (ரலி) அவர்களின் வரலாறு நமக்குத் தெரியும். சின்ன வயதிலேயே பிடிபட்டு அடிமையாக விற்கப்பட்டு, கதீஜா நாயகியின் மூலம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வீட்டுக்கு வந்தவர். தகப்பன் தேடிக்கொண்டு மக்காவுக்கே வந்தபோதும், நாயகத்தைப் பிரிந்து போக மாட்டேன் என்றார். நாயகம் அவரை மகனென்று அறிவித்தார்கள், மக்களும் முஹம்மதின் மகன் ஸைத் என்றே அழைத்தார்கள். பின்னர், வளர்ப்புப் பிள்ளைகளை அவர்களுடைய தகப்பன்மாரின் பெயரோடு சேர்த்தே அழைக்க வேண்டுமென்ற கட்டளை அஹ்ஸாப் சூராவின் 5ஆம் வசனத்தில் இறங்கியது. அன்றிலிருந்து அவர் மீண்டும் ஹாரிஸாவின் மகன் ஸைத் ஆனார். அதனால் நாயகத்தின் அன்பு குறைந்ததா? இல்லை. படைக்குத் தளபதியாக அனுப்பினார்கள். அவருடைய மகன் உஸாமாவைத் தம் பேரப்பிள்ளைகளைப் போல் மடியில் வைத்துக் கொஞ்சினார்கள். ஸஹாபாக்களில் குர்ஆனில் பெயர் சொல்லப்பட்ட ஒரேயொருவரும் ஸைத் (ரலி) அவர்கள்தாம். பெயர் தகப்பனுடையதாக இருக்கலாம், அன்பு வளர்த்தவர்களுடையதாக இருக்கலாம். இரண்டும் ஒரே பிள்ளையிடம் இருப்பதில் தப்பில்லை.

மறைத்தால் என்னவாகும் என்பதற்கு நம் நாட்டிலேயே பெரிய பாடம் உண்டு. 1970களிலும் 80களிலும் இலங்கையிலிருந்து ஆயிரக்கணக்கான குழந்தைகள் ஐரோப்பிய நாடுகளுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டார்கள். அவர்களில் பலருடைய கடதாசிகளில் இருந்த பெயரும் ஊரும் பொய். சிலருக்கு நீதிமன்றத்தில் தாயென்று வந்து நின்ற பெண்ணே பொய்த் தாய். வளர்ந்தபின் பெற்றவளைத் தேடி இங்கு வந்து, பொய் விலாசத்தோடு ஊர் ஊராக அலைந்தவர்கள் எத்தனையோ பேர். நெதர்லாந்து அரசாங்கம் அமைத்த குழு இலங்கை உட்பட ஐந்து நாடுகளிலிருந்து நடந்த தத்துகளை ஆராய்ந்து, பெரும் முறைகேடுகள் நடந்ததை 2021இல் வெளியிட்டது. அவர்களுக்கு உணவும் படிப்பும் குறைவின்றிக் கிடைத்திருக்கலாம். ஆனால் நான் யார் மகள் என்ற கேள்வி வயிறு நிறைவதால் தீருவதில்லை.

இரத்மலானைக் குடும்பத்துக்கு வருகிறேன். பிள்ளைக்கு எட்டு வயது. அந்த வருஷமும் யானைகளைப் பார்த்துவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்திருக்கிறார்கள். கொத்து ரொட்டி வந்துவிட்டது. பிள்ளை சாப்பிடாமல் கேட்டதாம்: "உம்மா, நான் உங்கட வீட்டுக்கு வந்த அன்டைக்கு என்னைப் பெத்த உம்மா அழுதாங்களா?"

அந்தச் சகோதரி பிறகு என்னிடம் சொன்னார்: "எனக்குக் கை நடுங்கிப் போச்சு ராத்தா. எட்டு வருஷம் பாலூட்டாத குறையாக வளர்த்திருக்கிறேன், இந்த நாளிலா அவவைப் பற்றிக் கேட்க வேண்டுமென்று கோபம்கூட வந்தது. பேச்சை மாற்றப் பார்த்தேன். அவர்தான் என் முகத்தைப் பார்த்து, உள்ளதைச் சொல்லு என்றார்."

அவர் சொன்னார்: "அழுதாங்க மகள். நான் பார்த்தேன். வாசல் வரை வந்து திரும்பவும் உங்களை வாங்கி முத்தம் வைத்துத் தந்தாங்க."

பிள்ளை கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சாப்பிடத் தொடங்கியதாம். உம்மாவுக்குத்தான் ஒரு வாய்கூட இறங்கவில்லை. நாம் சந்தோஷமாகக் கொண்டாடும் அதே நாள் இன்னொருத்திக்குப் பிள்ளையைப் பிரிந்த நாள் என்று அன்றுதான் அவருக்குப் பட்டது. அடுத்த வருஷத்திலிருந்து வழக்கம் சற்று மாறியது. காலையில் அந்தத் தாய்க்காக மூவரும் துஆச் செய்வார்கள். ஊரில் மறுமணம் முடித்திருந்த அவருக்குப் பிள்ளையின் கையெழுத்தில் ஒரு கடிதம் போகும். அதன் பிறகுதான் யானை ஆட்டமும் இராச்சாப்பாடும்.

சகோதரிகளே, இப்படிப் பிள்ளை வளர்ப்பவர்கள் அறிந்துகொள்ள வேண்டிய சில காரியங்களையும் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று, எடுப்பதைச் சட்டப்படி எடுங்கள். மகவேற்பு பற்றிய 1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் நம் நாட்டில் உண்டு. நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்தின் மூலம் போய் நீதிமன்றக் கட்டளை பெறுவதுதான் வழி. ஆஸ்பத்திரியிலிருந்து இரகசியமாக வாங்கி உங்கள் வயிற்றில் பிறந்ததாகப் பதிவது குற்றம், பிள்ளையின் வம்சத்தை அழிப்பதும் ஆகும்.

இரண்டு, மஹ்ரம் விஷயம். நம் ஷாஃபி மத்ஹபில் இரண்டு வயதுக்குள் ஐந்து முறை பால் கொடுத்தால் பால்குடி உறவு உண்டாகும். இந்தப் பிள்ளைக்கு வாப்பாவின் சொந்தத் தங்கை பால் கொடுத்தார். அதனால் வாப்பா பால்குடி உறவில் தாய்மாமனாகி, பிள்ளை பெரியவளானபோதும் மறைப்புப் பிரச்சினை இல்லாமல் போனது. யார் பால் கொடுத்தால் யார் மஹ்ரமாவார் என்பதைக் குழந்தை வரும்போதே ஆலிம் ஒருவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்று, சொத்து. மரண சாசனம் எழுதாமல் மௌத்தாகும் முஸ்லிமின் சொத்து அவரவர் மத்ஹபின்படி பங்கிடப்பட வேண்டுமென்பது 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம். மார்க்கப்படி வளர்ப்புப் பிள்ளை வாரிசாக வராது. ஆகவே உயிரோடிருக்கும்போதே ஹிபாவாகக் கொடுங்கள், அல்லது மூன்றிலொன்றுக்கு மேற்படாமல் வஸிய்யத் எழுதி வையுங்கள். வாயால் மகள் என்று சொல்லிவிட்டு, மௌத்தான மறுவாரமே அவளை வீதியில் நிற்கவிடக் கூடாது.

நான்கு, அந்த நாளை நம் தர்மத்தைச் சொல்லிக்காட்டும் நாளாக்கி விடாதீர்கள். "நாங்கள் எடுத்திராவிட்டால் நீ என்னவாகியிருப்பாய்" என்ற ஒரு சொல் போதும், எட்டு வருஷக் கொத்து ரொட்டியும் கசந்துபோகும். அநாதையை வளர்ப்பவருக்கு நாயகம் (ஸல்) அவர்கள் சொர்க்கத்தில் தம் அருகிலேயே இடம் சொல்லியிருக்கிறார்கள். கூலி அங்கே இருக்கிறது. பிள்ளையிடம் கேட்க வேண்டியதில்லை.

இதற்குப் பெரிய செலவும் தேவையில்லை. காலிமுகத்திடலில் ஒரு பழைய கல்லைப் பார்த்திருப்பீர்கள். 1859இல் அந்த நடைபாதையை முடித்த ஆளுநர் ஹென்றி வார்ட், கொழும்பின் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமாக அதைப் பாதுகாக்கும்படி தமக்குப் பின் வருவோரைக் கேட்டுக்கொண்டதை அதில் எழுதியிருக்கிறார்கள். நமக்காக விட்ட இடம்தானே. ஒரு பட்டமும் ஆளுக்கொரு இறால் வடையும் போதும்.

அந்தப் பிள்ளை இன்று இரண்டு பிள்ளைகளின் உம்மா. நிக்காஹ் அன்று தகப்பனின் பெயரோடு அவளுடைய பெயர் வாசிக்கப்பட்டபோது சபையில் யாரும் குசுகுசுக்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தில் குசுகுசுக்க என்ன இருக்கிறது? பெற்ற உம்மாவும் வளர்த்த உம்மாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். வாப்பா மௌத்தாகி நாலு வருஷமாகிறது. அந்த நாள் வந்தால் இப்போது அவள்தான் உம்மாவை வெளியே கூட்டிப் போய்ச் சாப்பாடு வாங்கிக் கொடுக்கிறாள்.

உங்கள் வீட்டிலும் அப்படியொரு பிள்ளை இருந்து, இன்னும் சொல்லாமல் இருந்தால் இந்த மாதமே ஒரு மாலையில் வெளியே கூட்டிப் போங்கள். வயிறாரச் சாப்பிட வைத்து, மெதுவாகச் சொல்லுங்கள். கேள்வி கேட்டால் உள்ளதையே சொல்லுங்கள். அல்லாஹ் உங்கள் இருவருக்கும் மனத்திடத்தைத் தருவானாக.

வஸ்ஸலாம்.