மறிச்சுக்கட்டி வீடுகளும் வில்பத்துக் காடும்: எமது நிலைப்பாடு

மன்னார் மாவட்டத்தின் தென்கோடியிலே, முசலிப் பிரதேசத்தைச் சேர்ந்த மறிச்சுக்கட்டி, கரடிக்குளி, பாலைக்குளி, கொண்டச்சி முதலிய கிராமங்களில், 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுக்கென எழுந்த வீடுகளைக் குறித்தும், இனி எழவேண்டிய வீடுகளைக் குறித்தும், அவை வில்பத்துக் காட்டை விழுங்கிவிடும் என நாட்டின் பிற பாகங்களிலிருந்து கிளம்பும் ஆட்சேபங்களைக் குறித்தும், தமிழரும் முஸ்லிம்களும் கூடியுள்ள எமது சபை தன் அபிப்பிராயத்தைப் பகிரங்கமாகக் கூறக் கடமைப்பட்டிருக்கிறது. வீடுகள் வேண்டும், அவை காட்டுக்குள் வேண்டா, ஊர் எங்கே முடிந்து காடு எங்கே தொடங்குகிறது என்பதோ வரைபடத்தின்மீது அன்று, நிலத்தின்மீது நடந்து தீர்மானிக்கப்பட வேண்டும்.

வடமாகாணத்திலிருந்து அன்று துரத்தப்பட்ட 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்களில் மன்னாரைச் சேர்ந்தோர் பெரும்பாலும் புத்தளத்திலும் கற்பிட்டியிலும் தஞ்சம் புகுந்து, கிடுகுக் குடிசைகளிலே பிள்ளைகளைப் பெற்று வளர்த்து, அப்பிள்ளைகளுக்கு மணமும் முடித்துவைத்த பின்னரே, 2009 இல் யுத்தம் ஓய்ந்து ஊர் திரும்பும் வழி திறந்தது. அப்போதும் அரசாங்கக் கணக்கிலே அவர்கள் ‘பழைய’ இடம்பெயர்ந்தோர். 2008க்குப் பின் பெயர்ந்தவர்களே ‘புதியோர்’. உதவி முதலில் புதியோருக்கே சென்றது. இருபது ஆண்டு காத்திருந்தவனைப் பழையவன் என்று வகுத்து வரிசையின் கடைசியில் நிறுத்தும் நியாயம் எந்த நீதிநூலில் உள்ளதோ, நாம் அறியோம். இந்திய வீட்டுத்திட்டம் ஒரு வீட்டுக்கு 550,000 ரூபா வழங்கியபோதும் பணத்துக்கு முன்னே காணி வேண்டியிருந்தது. ஒரு வளவை விட்டுப் போன குடும்பம் மூன்றாய் நான்காய்ப் பெருகித் திரும்பியது; வளவோ பெருகவில்லை. இவ்விவகாரத்தின் வேர் இதுவே.

இதற்கிடையில் ஆளற்ற ஊர்களைப் பற்றைக்காடு மூடியிருந்தது. தூர தேசத்தார் வானிலிருந்து எடுத்த படத்தைப் பார்த்து, “பச்சையாக இருந்தது, இப்போது மண்ணாக இருக்கிறது” என்று பதறியதில் வியப்பில்லை. ஆனால் விடத்தலும் சூரையும் மண்டிய இருபது வருடப் பற்றைக்கும், பாலையும் வீரையும் ஓங்கிய பழங்காட்டுக்கும் உள்ள பேதம் முசலியில் மாடு மேய்க்கும் சிறுவனுக்கும் தெரியும். பற்றைக்குள்ளே கட்டுக்கிணறும் கபுறடியும் பள்ளிவாசலின் அத்திவாரமும் கிடந்தால் அது ஊர். (இக்கரையோரம் மனிதவாசம் அறியாத வனாந்தரம் என்று பேசுவோருக்கு ஒரு செய்தி: முத்துக்குளிப்பு நடந்த காலத்திலே, 1905 ஆம் ஆண்டில், இதே மறிச்சுக்கட்டியில் ஆங்கில அரசாங்கம் பல்லாயிரம் பேர் தங்கும் தற்காலிகப் பட்டணமொன்றையே எழுப்பியது.)

ஆயினும் வெட்டப்பட்டதெல்லாம் பழைய ஊர்நிலமே என்று நாம் வாதிக்கவில்லை. தேசிய வனம் மோதரகம் ஆற்றுக்குத் தெற்கேயுள்ளது, வீடுகளோ வடக்கே உள்ளன என்ற மறுமொழி சட்டத்துக்குப் பொருந்தலாம். ஆற்றைக் கடந்ததும் காடு முடிந்துவிட்டதென்று யானை எண்ணுவதில்லை. சுற்றாடல் நீதிக்கான மையம் தொடர்ந்த வழக்கில், 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம், ஒதுக்குவனம் அழிக்கப்பட்டது சட்டவிரோதம் எனக் கண்டு, மீள்குடியேற்றத்துக்கு உபயோகமான வனப்பரப்புக்குச் சமமான பரப்பிலே மரம் நடும்படியும், அதன் செலவை முன்னாள் அமைச்சர் ரிஷாத் பதியுதீன் ஏற்கும்படியும் கட்டளையிட்டது. இத்தீர்ப்பின் நுட்பத்தை இருதரப்பாரும் கவனித்ததாகத் தோன்றவில்லை. வனத்தின் நஷ்டம் மெய் என்று அது ஒப்புக்கொள்கிறது. அந்நஷ்டத்துக்குப் பரிகாரமாக அது விதித்தது மரநடுகையையே. எமக்கு இரண்டும் சம்மதம். அனுமதி வழங்கிய அதிகாரிகளும் அரசியல்வாதிகளும் செய்த பிழைக்கு, ஒரு வீடும் சிறு வளவுமாக அமர்த்தப்பட்ட ஏழைக் குடும்பம் தண்டனை அனுபவித்தல் தகாது.

காட்டெல்லையை வகுத்த வர்த்தமானிகளைப் பற்றி எமக்குக் கடுமையான ஆட்சேபம் உண்டு. 2012 இல் ஒரு பிரகடனம். 2017 மார்ச்சில், ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன மொஸ்கோ நகரில் இருந்தபடி கையொப்பமிட்ட மற்றொரு பிரகடனம். அதன்வழி மாவில்லு பேணற்காடு என 40,030 ஹெக்டேர் ஒரே கோட்டுக்குள் அடக்கப்பட்டது. எந்தக் கிணறு கோட்டுக்கு உள்ளே, எந்தக் கிணறு வெளியே என்று அங்கு வாழ்ந்தோரிடம் முன்கூட்டிக் கேட்டிருந்தால், மறிச்சுக்கட்டி மக்கள் அவ்வருடம் நாட்கணக்காய்ச் சத்தியாக்கிரகம் இருக்க நேர்ந்திராது. காட்டைக் காக்கும் கோடும் ஊராரின் சாட்சியத்தோடு கீறப்பட்டாலன்றி நிலைக்காது. அத்துமீறி வெட்டுவோனுக்கு அநியாயமான எல்லையே முதல் சாக்காகிவிடும்.

அயலார் என்றால் வனம் மட்டுமன்று. அருகிலுள்ள முள்ளிக்குளத்துக் கத்தோலிக்கத் தமிழ் மக்கள் 2007 செப்டெம்பரில் வெளியேற்றப்பட்டார்கள். அவர்கள் ஊரிலே கடற்படையின் வடமேற்குத் தலைமையகம் எழுந்தது. அவர்களிற் பலர் மலங்காட்டுப் பற்றையிலே கொட்டில் போட்டுக் காலங்கழித்தார்கள். 2017 இல் அவர்கள் நடத்திய போராட்டத்தின் முடிவில் 100 ஏக்கர் விடுவிக்கப்படும் என அறிவிக்கப்பட்டது. தம் சொந்த வீடுகள் வேலிக்கு அப்பால் கிடக்க, அயற் கிராமத்தில் புது வீடுகள் வரிசையாய் எழுவதைக் காணும் இம்மக்களுக்கு மனத்தாங்கல் உண்டாவது இயல்பு. அதனைப் பொறாமை என்று இகழ்பவர் இரு சமூகங்களுக்கும் தீங்கே செய்கிறார். முள்ளிக்குளத்தாருக்கு அவர்களுடைய நிலம் திரும்புவதும், மறிச்சுக்கட்டியாருக்கு வீடு கிடைப்பதும் ஒரே கோரிக்கையின் இரு பாதிகள் என்றே நாம் கொள்கிறோம். 1990 இல் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டது தமிழரின் பெயரால் ஆதலால், எமது தமிழ் உறுப்பினர் முன்னையதை மட்டும் கேட்டு அமைவதற்கில்லை.

ஆகவே, வனத்திணைக்களமும் நில அளவைத் திணைக்களமும் முசலிப் பிரதேச செயலகமும் ஒருங்குகூடி, பழைய உறுதிகளையும் அனுமதிப்பத்திரங்களையும் முதியோரின் வாய்மொழியையும் கைக்கொண்டு, கிராமம் கிராமமாக எல்லைக்கல் நாட்ட வேண்டும். கல்லுக்கு இப்புறம் உள்ள குடும்பங்களுக்கு உறுதி வழங்கப்பட வேண்டும். பிரிந்த குடும்பங்களுக்குரிய புதிய வீடுகள் இப்புறத்திலேயே, வேண்டுமாயின் வளவைச் சுருக்கி நெருக்கமாக, கட்டப்பட வேண்டும். கல்லுக்கு அப்புறம் ஒரு கொப்பும் வெட்டலாகாது, எந்த அமைச்சரின் கடிதம் வந்தாலும். நீதிமன்றம் விதித்த மரநடுகைக்குப் பாலையும் வீரையுமே தெரிந்தெடுக்கப்பட வேண்டும். தேக்கு நட்டுக் கணக்குக் காட்டுவதை நாம் மரநடுகையாக ஏற்கமாட்டோம். அளவைக்காரர் வரும் நாளில் மறிச்சுக்கட்டியிலிருந்தும் முள்ளிக்குளத்திலிருந்தும் முதியோரை அழைத்துவரும் பொறுப்பை எமது சபை ஏற்கிறது. ஆட்சேபம் தெரிவித்த சுற்றாடல் அமைப்பினரும் அன்று எம்முடன் நடக்க வரலாம்.