எடிட்டருக்கு எதற்கு மடியும் ஆசாரமும்?

ஆயத்த அமைவுடன் வரும் எடிட்டரைப் பயன்படுத்துபவர் நிரலாளரே அல்லர் என்றொரு தீர்ப்பு நம் ஆய்வுக்கூடங்களில் உலவுகிறது. முதலாண்டு மாணவர் ஒருவர் டூம் ஈமேக்ஸையோ லேஸிவிம்மையோ நிறுவிவிட்டால் போதும்; "எல்லாவற்றையும் அழித்துவிடு, வெற்றுக் கோப்பிலிருந்து தொடங்கு, ஒவ்வொரு வரியையும் நீயே எழுது" என்று மூத்தவர்கள் உபதேசிக்கத் தொடங்கிவிடுகின்றனர். அண்மையில் ஒரு பயிலரங்கிலும் இதையே கேட்டேன். எதிரே அமர்ந்திருந்தவர்களுள் பலர் அதுவரை முனையத்தைத் திறந்தே பாராதவர்கள். இந்த உபதேசம் வரலாற்றுக்கும் பொருந்தாது, நடைமுறைக்கும் பொருந்தாது என்பது என் துணிபு.

வரலாற்றை முதலில் பார்ப்போம். 1970களின் நடுவில் எம்.ஐ.டி. ஆய்வகத்தில் டெக்கோ என்ற எடிட்டர் இருந்தது. ஒவ்வொருவரும் தத்தமக்கென மேக்ரோக்களை எழுதிக் குவித்தனர். விளைவு, ஒருவருடைய விசைக் கட்டளைகள் அடுத்தவருக்கு விளங்காமற் போயின. இந்தக் குழப்பத்தை ஒழுங்கு செய்து பொதுவான கட்டளைத் தொகுதி ஒன்றை அமைக்கும் வேலையை கை ஸ்டீல் தொடங்க, ரிச்சர்ட் ஸ்டால்மன் அதனை முன்னெடுத்து முடித்தார். 1976இல் உருவான ஈமேக்ஸ் அதுதான். பிறர் எழுதியவற்றைத் திரட்டி, சீர்செய்து, எவரும் உடனே பயன்படுத்தும்படி தந்த ஆயத்த அமைவாகவே ஈமேக்ஸ் பிறந்தது! 'தானே செதுக்கியது' என்று அதன் பெயரால் ஆசாரம் பேசுபவர்கள் தம் குலதெய்வத்தின் பிறப்புக் கதையையே அறியாதவர்கள்.

நியோவிம் பக்கமும் நிலைமை வேறன்று. "லேஸிவிம்மைத் தொடமாட்டேன், என் அமைவு முழுவதும் என் கைவேலை" என்பவரின் கோப்பைத் திறந்து பாருங்கள். செருகுநிரல்களை நிர்வகிக்கப் பெரும்பாலும் லேஸி.என்விம் இருக்கும். இரண்டையும் எழுதியவர் ஒரே மனிதர். அவர் மாவரைத்துக் கொடுத்தால் ஏற்பார்களாம், தோசையாகவே வார்த்துக் கொடுத்தால் தீட்டாகிவிடுமாம்.

ஆயத்த அமைவு என்றால் கைகட்டி ஏற்றுக்கொள்வது என்ற எண்ணமும் பிழையே. டூமை எடுத்துக்கொள்வோம். பயனர் திருத்த வேண்டிய கோப்புகள் மூன்று. இனிட்.ஈஎல் கோப்பில் எந்தெந்தக் கூறுகள் வேண்டும் என்ற பட்டியல் இருக்கும். பைத்தான் வேண்டுமா, அந்த வரியின் முன்னுள்ள இரண்டு அரைப்புள்ளிகளை நீக்கினால் போதும். லேட்டெக், ஆர், ஜூலியா எல்லாவற்றுக்கும் இதே வழிதான். பட்டியலில் இல்லாத பொதியைச் சேர்க்கவும், இருப்பதை முடக்கவும் பேக்கேஜஸ்.ஈஎல். எழுத்துரு, வண்ணம், விசைகள், சொந்தச் செயற்கூறுகள் ஆகியவற்றுக்கு கான்ஃபிக்.ஈஎல். முதலிரண்டில் எதை மாற்றினாலும் முனையத்தில் 'டூம் சிங்க்' கொடுக்க வேண்டும். மூன்றாவதற்கு அது தேவையில்லை. புதியவர்கள் தடுமாறும் இடம் பெரும்பாலும் இதுவே. ஐந்து நிமிடத்தில் சொல்லித்தரக்கூடிய இச்செய்தியைச் சொல்லாமல், 'அழித்துவிடு' என்பது எவ்வகை ஆசிரியத்துவம்?

மற்றொன்றும் உண்டு. டூம் தன் கூறுகளிலுள்ள பொதிகளைக் குறிப்பிட்ட கமிட்டில் ஆணியடித்து வைக்கிறது. லேஸி.என்விம் அதே வேலையை ஒரு பூட்டுக் கோப்பால் செய்கிறது. ஆய்வேட்டின் இறுதி மாதத்தில் யாரோ எங்கோ செய்த மேம்படுத்தலால் எடிட்டர் முடங்கிப்போகாமல் காப்பது இதுதான். மீளுருவாக்கம் பற்றிக் கருத்தரங்குகளில் முழங்கும் நாம், நம் கருவியில் அதனை ஏன் இழிவாகக் கருத வேண்டும்?

எதிர்த்தரப்பின் வாதங்களுள் ஒன்றில் மட்டும் வலு உண்டு. பிழை நேர்ந்தால் அது ஈமேக்ஸின் பிழையா, பொதியின் பிழையா, டூமின் பிழையா என்று பிரித்தறிவது கடினம் என்கின்றனர். உண்மைதான். அடுக்கு கூடினால் தேடலும் கூடும். ஆனால் அதற்கும் வழிகள் உள்ளன. 'டூம் டாக்டர்' கட்டளை வழக்கமான குறைகளைச் சுட்டிக்காட்டும். 'ஈமேக்ஸ் -க்யூ' என்று எந்த அமைவும் இன்றித் திறந்தால் பிழை அடிப்படையில் உள்ளதா என்பது புலப்படும். இடைவெளி விசை, எச், கே என்று வரிசையாக அழுத்தி, பிறகு ஐயமுள்ள எந்த விசையை அழுத்தினாலும் அதன் பின்னுள்ள செயற்கூறின் விளக்கமும் மூலநிரலுக்கான இணைப்பும் வந்து நிற்கும். கற்க விரும்புபவருக்கு ஆயத்த அமைவு ஒரு திறந்த புத்தகம். விரும்பாதவர் வெற்றுக் கோப்பில் தொடங்கினாலும் இணையத்திலிருந்து வெட்டி ஒட்டத்தான் போகிறார். எவர் எழுதியதென்றே தெரியாத அவ்வரிகள் அவருடைய முழு அனுமதிகளோடு அவர் கணினியில் இயங்கும் என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள்.

தமிழில் எழுதுபவர்களுக்கு ஓர் இடைக்குறிப்பு. டூமில் இயல்பாக வரும் ஈவில், தமிழ் உள்ளீட்டைச் செருகு நிலையில் மட்டும் இயக்கி, கட்டளை நிலைக்குத் திரும்பியதும் தானாகவே நிறுத்திவிடுகிறது. ஈமேக்ஸ் 29 முதல் தமிழ்99 விசைப்பலகையும் உள்ளேயே உண்டு. இயங்குதளத்தின் விசைப்பலகையை மாற்றி மாற்றி அல்லற்பட்டவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இளநிலை ஆய்வு உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். முதுநிலையையும் சேர்த்து மொத்தம் ஐந்தாண்டுகள். வீட்டிலேயே கணினியோடு வளர்ந்தவருக்கு, எடிட்டரைச் செதுக்கும் மூன்று மாதங்கள் பொழுதுபோக்கு. அரசுக் கல்லூரியில் படித்து, இங்கு வந்த பிறகே சொந்தமாக மடிக்கணினி வாங்கியவருக்கு அது பறிபோன ஒரு பருவம். அதன் பின்னர், 'நிரலாக்கம் எனக்கு வராது' என்று அவர் தம்மைத்தாமே விலக்கிக்கொள்கிறார். கண்ணெதிரே இருவர் அப்படி விலகியதைக் கண்டிருக்கிறேன். அவர்களிடம் திறமைக் குறைவு இருக்கவில்லை.

ஆகவே ஆசாரக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பயிலரங்கில் உங்கள் அமைவுக் கோப்பைத் திரையில் முழுவதுமாகத் திறந்து வையுங்கள். மேலிருந்து கீழாக ஒவ்வொரு வரியும் யாரிடமிருந்து வந்தது என்று மாணவர்களுக்குச் சொல்லுங்கள். அதன்பின் அவர்களுடைய டூமை அழிக்கச் சொல்வதா வேண்டாவா என்று பேசுவோம்.