துளையை அடைக்கும் கை

சிவகாசிப் பக்கத்தில் சரவெடி பின்னுகிற பெண்களைப் பார்த்திருக்கிறீர்களா? பேச்சு ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம். விரல்கள் மட்டும் தம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். புதிதாக வந்து உட்கார்ந்தவளுக்கோ அதே சரம் கோணும், அவிழும். நாளாக நாளாக அவளும் தேறிவிடுவாள். அதுவரை நஷ்டம் கொஞ்சம் கூலிதான். டாக்டரின் கைக்கும் இப்படி ஒரு பழகு காலம் உண்டு. அங்கே நஷ்டம் கூலியோடு போகாது.

"எங்க வீட்டுக்காரருக்கு மதுரையில் ஆஞ்சியோ செய்யச் சொல்லியிருக்கிறார்கள். தொடையில் போடும் துளையை அடைக்க ஒரு கருவி இருக்கிறதாம். அதற்குத் தனிப் பணமாம். வேண்டுமா, வேண்டாமா?" என்று விருதுநகரிலிருந்து ஒரு சகோதரி கேட்கிறார்.

நியாயமான கேள்வி. இருதயக் குழாயைப் பலூனால் விரிக்கும் வித்தையை 1977-இல் ஜூரிச் நகரில் டாக்டர் குருன்ட்ஸிக் தொடங்கினார். நம் நாட்டில் 1986-இல் அதை முதலில் செய்தவர் டாக்டர் மேத்யூ சாமுவேல் களரிக்கல். அன்றெல்லாம் வாசல் பெரும்பாலும் தொடை இடுக்கின் ரத்தக் குழாய்தான். துளை இரண்டரை மில்லிமீட்டர் இருக்கும். ஆனால் உள்ளே ஓடுவது நாடித் துடிப்போடு பாயும் ரத்தம். குழாயை உருவியதும் கையால் பதினைந்து இருபது நிமிஷம் அழுத்திப் பிடிப்பார்கள். பிறகு நாலைந்து மணி நேரம் காலை மடக்காமல் படுக்க வேண்டும். மடக்கிவிடாமல் காவல் காப்பது யார்? வேறு யார், மனைவிதான்!

1990-களின் நடுவில் அடைக்கும் கருவிகள் வந்தன. ஒன்று துளையில் தையல் போடும். இன்னொன்று உள்ளே ஒரு சிறு நங்கூரமும் வெளியே கொலாஜன் பஞ்சும் வைத்து அடைக்கும். மூன்று மாதத்தில் கரைந்துவிடும். சீக்கிரம் எழுந்து நடக்கலாம். சௌகரியம்தான்.

ஆனால் கருவி தானாக அடைப்பதில்லை, கை அடைக்கிறது. துளை குழாயின் கிளை பிரியும் இடத்தில் விழுந்திருக்கிறதா, குழாய் மிகவும் குறுகலா, சுண்ணாம்பு படிந்து இறுகியிருக்கிறதா என்று முதலில் மருந்து செலுத்திப் படம் பார்க்க வேண்டும். சரியாகப் பிடிக்காவிட்டால் ரத்தம் கசியும். அரிதாகக் குழாயே அடைபட்டுக் கால் குளிர்ந்துபோகும். ஆரம்ப நாட்களில் தவறுகள் கூடுதல்; எண்ணிக்கை ஏற ஏறக் குறையும். பழகிய கைக்கு அடையாளம் வேகம் அல்ல. "இவருக்குக் கருவி வேண்டாம், அழுத்தியே நிறுத்துவோம்" என்று சொல்லத் தெரிவதுதான்.

அழுத்துவது மட்டம் என்றும் எண்ண வேண்டாம். 2014-இல் வெளியான ஒரு ஜெர்மானிய ஆராய்ச்சியில், தொடை வழியே ஆஞ்சியோ செய்துகொண்ட 4,500-க்கும் மேற்பட்டவர்களில் கருவி வைத்தவர்களில் நூற்றுக்கு 6.9 பேருக்கும், அழுத்தப்பட்டவர்களில் 7.9 பேருக்கும் துளையிட்ட இடத்தில் தொந்தரவு வந்தது. பெரிய வித்தியாசம் இல்லை; நேரம்தான் மிச்சம்.

இப்போது மணிக்கட்டு வழியாகவே பலருக்கும் செய்துவிடுகிறார்கள். ரத்தப்போக்கு அபாயம் அதில் குறைவு. ஒரு வேடிக்கை: மணிக்கட்டு வழி பெருகப் பெருக, தொடை வழியில் டாக்டர்களுக்குப் பழக்கம் குறைகிறது! ஆகவே சகோதரி முதலில் கேட்க வேண்டியது, "கை வழியாக முடியுமா?" என்பது. முடியாதென்றால், "இந்தக் கருவியை நீங்கள் எத்தனை பேருக்கு வைத்திருக்கிறீர்கள், டாக்டர்?" என்பது. கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் அல்ல. நோயாளி பெண்ணானால் அவசியம் கேளுங்கள். பெண்களின் குழாய் சிறிது, ரத்தப்போக்கும் அவர்களுக்கே அதிகம்.

ஊர் திரும்பிய பின்னும் கவனம் வேண்டும். ஒரு வாரமாவது சம்மணமிட்டுச் சரம் பின்னுவதும், குடம் தூக்குவதும் கூடாது. பீஸ் கணக்குக் கூலியில் இது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். துளையிட்ட இடம் வீங்கினால், ரத்தம் வந்தால், உடனே படுக்கவைத்து அந்த இடத்துக்குச் சற்று மேலே உள்ளங்கையால் பலமாக அழுத்திக்கொண்டே 108-ஐக் கூப்பிடச் சொல்லுங்கள். இடுப்பிலோ முதுகிலோ புதிதாக வலி வந்து தலை சுற்றினாலும் அலட்சியம் வேண்டாம். ரத்தம் உள்ளேயே கசியக்கூடும்.

கருவி வைத்தால் ஒரு சீட்டுத் தருவார்கள். மூன்று மாதத்துக்குள் அதே தொடையில் மறுபடி துளையிட நேர்ந்தால் டாக்டருக்கு அது தெரிய வேண்டும். ரேஷன் கார்டோடு சேர்த்து வைத்துவிடுங்கள்.