சைபர் பாதுகாப்புத் திட்டம் அடம்பன் சந்திக்கும் வர வேண்டும்

தேசிய சைபர் பாதுகாப்பு என்றவுடன், அது கொழும்பிலுள்ள அமைச்சுகளுக்கும் பெரிய வங்கிகளுக்கும் உரிய விடயம் என்றே நமது வர்த்தகர்களில் அநேகர் எண்ணுகின்றனர். அடம்பனில் நெல் வாங்கி விற்பவருக்கும், விடத்தல்தீவில் மீன் ஏற்றுபவருக்கும், மன்னார் நகரில் புடைவைக் கடை நடத்துபவருக்கும் இதில் என்ன சம்பந்தம் என்று கேட்கின்றனர். எனது கருத்து இதற்கு மாறானது. நமது போன்றதொரு சிறிய நாட்டின் சைபர் பாதுகாப்புத் திட்டம் வெற்றி பெறுமா, ஏட்டோடு நின்றுவிடுமா என்பதைத் தீர்மானிக்கப் போவது இத்தகைய ஊர்கள்தான்.

காரணம் எளிது. கட்டுக்கரைக் குளத்து நீரில் விளைந்த நெல்லின் பணம் இன்று வங்கிக் கணக்கு வழியாகவும் கைமாறுகிறது. உர மானியமும் அஸ்வெசும கொடுப்பனவும் கணக்குக்கே வருகின்றன. கொழும்பு மொத்த வியாபாரியின் பற்றுச்சீட்டு வட்ஸ்அப்பில் வருகிறது; பணத்தைக் கைத்தொலைபேசியிலிருந்தே அனுப்பிவிடுகிறோம். பணம் போகும் பாதையில் திருடனும் போவான். முன்பு கண்டி வீதியில் லொறியை மறித்தவன் இன்று கைத்தொலைபேசித் திரையில் மறிக்கிறான்.

இந்தத் திருட்டில் நமது நாடு எப்படிப் பயன்படுத்தப்பட்டது என்பதற்கு ஒரு பெரிய உதாரணம் உண்டு. 2016 பெப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கியின் கணினிகளுக்குள் ஊடுருவியவர்கள், நியூயோர்க்கில் இருந்த அந்நாட்டுக் கணக்கிலிருந்து ஏறத்தாழ 951 மில்லியன் டொலரை எடுக்க முயன்றனர். வியாழன் இரவைத் தேர்ந்தெடுத்ததே திட்டமிட்டுத்தான். வெள்ளியும் சனியும் டாக்காவில் விடுமுறை; ஞாயிறு நியூயோர்க்கில் விடுமுறை. 81 மில்லியன் டொலர் பிலிப்பைன்ஸுக்குப் போய்ச் சூதாட்ட விடுதிகளில் கரைந்தது. 20 மில்லியன் டொலர் இலங்கையிலுள்ள ஒரு தனியார் அமைப்பின் கணக்கை நோக்கி வந்தது. ‘பவுண்டேஷன்’ என்ற ஆங்கிலச் சொல் பிழையாக எழுதப்பட்டிருந்ததைக் கவனித்த இடைத்தரகு வங்கியொன்று விளக்கம் கேட்டது. பணம் நிறுத்தப்பட்டுத் திருப்பி அனுப்பப்பட்டது.

இதில் நாம் படிக்க வேண்டிய பாடங்கள் இரண்டு. ஒரு எழுத்துப் பிழையை நிதானமாகப் பார்த்த கண், கோடிக்கணக்கான பணத்தைக் காத்தது. அடுத்தது, திருட்டுப் பணத்திற்கு எப்போதும் யாராவது ஒருவரின் கணக்கு தேவைப்படுகிறது. “உங்கள் கணக்கில் பணம் போடுகிறேன், கமிஷனை எடுத்துக்கொண்டு மிகுதியை அனுப்புங்கள்” என்று கேட்பவனுக்கு இடம் கொடுக்கும் வாலிபன், அறிந்தோ அறியாமலோ அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியாகிறான். வங்கிக் கணக்கும் ஒரு அமானிதம்தான். அதை இரவல் கொடுக்க முடியாது.

அரசாங்கமே இழந்தபோது

2023 ஒகஸ்ட் மாத இறுதியில் நமது அரசாங்கத்தின் மின்னஞ்சல்களைத் தாங்கியிருந்த ‘லங்கா கவர்ன்மென்ட் கிளவுட்’ மீது கப்பம் கோரும் மென்பொருள் ஏவப்பட்டது. சுமார் 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஒகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் மீளவே இல்லை. பழைய பதிப்பு மென்பொருள் புதுப்பிக்கப்படாமல் ஓடிக்கொண்டிருந்தது. காப்புப் பிரதி இருந்தது; ஆனால் அதுவும் இணையத்தோடு இணைந்தே இருந்ததால் அதுவும் பூட்டப்பட்டது. வீட்டுத் திறப்பின் மறு பிரதியையும் அதே கதவில் தொங்கவிட்ட கதை இது.

ஆவணத்தை இழப்பது என்றால் என்னவென்று வடபுல முஸ்லிம்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 1990 ஒக்டோபரில் நாம் விரட்டப்பட்டபோது வீடும் கடையும் மட்டும் போகவில்லை. காணி உறுதி, பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், கடன் கொப்பி, கணக்குப் பேரேடு எல்லாம் போயின. யார் யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதற்கு மனிதரின் ஞாபகமே சாட்சியாக மிஞ்சியது. 2008 இல் யுத்தம் அடம்பனைக் கடந்தபோது நமது தமிழ் அயலவர்களுக்கும் இதே கதிதான். 2009 க்குப் பின்னர் புத்தளத்திலிருந்து திரும்பியவர்கள் தமது காணி தமக்குரியது என்று நிரூபிக்கப் பட்ட பாட்டை இன்னும் பலர் பட்டுக்கொண்டிருக்கின்றனர். காணிப் பதிவும் அடையாள அட்டையும் கணினிமயமாகும் காலத்தில், ஓர் இரவில் அத்தனையும் பூட்டப்பட்டால் முதலில் நடுத்தெருவுக்கு வருபவர் கையில் வேறு அத்தாட்சி இல்லாதவர்தான்.

சிறிய நாடுகள் கற்ற பாடம்

எஸ்தோனியாவின் சனத்தொகை சுமார் 13 இலட்சம். 2007 ஏப்ரல், மே மாதங்களில் அதன் வங்கிகள், பத்திரிகைகள், அமைச்சுகள் யாவும் இணையத் தாக்குதலால் முடங்கின. அடுத்த ஆண்டே தேசிய சைபர் பாதுகாப்புத் தந்திரோபாயமொன்றை வகுத்தது. கணினி அறிவுள்ள தொண்டர்களைத் திரட்டி ஒரு படைப்பிரிவை அமைத்தது. தனது முக்கிய பதிவேடுகளின் பிரதிகளை லக்ஸம்பேர்க்கில் ‘தரவுத் தூதரகம்’ என்ற பெயரில் வைத்திருக்கிறது. நாடே கைமாறினாலும் பதிவேடு பிழைக்க வேண்டும் என்பது அவர்களின் கணக்கு.

கொஸ்டாரிக்காவின் கதை வேறு. 2022 ஏப்ரலில் நிதியமைச்சின் கணினிகள் பூட்டப்பட்டதால் சுங்க முறைமை செயலிழந்தது. இறக்குமதியாளரும் ஏற்றுமதியாளரும் மீண்டும் கடதாசிக்குத் திரும்பினர், சரக்குகள் தேங்கின. மே மாதத்தில் ஜனாதிபதி தேசிய அவசரகாலத்தைப் பிரகடனம் செய்தார். அங்கே அடி விழுந்தது முதலில் வர்த்தகர் மீதுதான். நமது சுங்கமும் கணினியில்தான் இயங்குகிறது என்பதை மறக்கலாகாது.

நம்மிடம் என்ன இருக்கிறது?

எதுவுமே இல்லை என்று சொல்ல முடியாது. ஸ்ரீ லங்கா சேர்ட் நிறுவனம் 2006 இல் உருவாக்கப்பட்டது. 2007 இல் கணினிக் குற்றங்கள் சட்டம் வந்தது. 2015 இல் புடாபெஸ்ட் சமவாயத்தில் இணைந்தோம். 2019 முதல் 2023 வரையான காலத்திற்குத் தேசியத் தந்திரோபாயம் வகுக்கப்பட்டது. அதைத் தொடர்ந்து 2025 முதல் 2029 வரையான திட்டமும் தயாரிக்கப்பட்டது. தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022 இல் நிறைவேறியது. ஆனால் 2019 இலேயே வரையப்பட்ட சைபர் பாதுகாப்புச் சட்டமூலம் ஆண்டுக்கணக்கில் வரைவாகவே கிடந்தது. மறுபுறம், பேச்சைக் கட்டுப்படுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் 2024 இல் விரைந்து நிறைவேற்றப்பட்டது. முகநூலில் எழுதுபவரைப் பிடிப்பது வேறு, முகநூலில் கொள்ளையடிப்பவனைப் பிடிப்பது வேறு. பின்னையதற்குத்தான் வர்த்தகர் வரி கட்டுகிறார்.

முதல் தந்திரோபாயத்திலேயே விழிப்புணர்வும் தனியார் துறையுடனான கூட்டுறவும் தனி அம்சங்களாக இடம்பெற்றன. அவை மாந்தை மேற்குக்கு எந்த உருவத்தில் வந்தன என்பதே எனது கேள்வி. புதிய திட்டத்தில் நான் எதிர்பார்ப்பவை நான்கு.

ஒன்று, எச்சரிக்கைகள் பேச்சுக்கு அருகான தமிழில், ஆங்கிலத்தில் வரும் அதே நாளில் வர வேண்டும். இரண்டு, ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் முறைப்பாட்டை ஏற்று வழிகாட்டப் பயிற்சி பெற்ற ஒரு உத்தியோகத்தராவது இருக்க வேண்டும். பணம் பறிபோனால் முதல் சில மணித்தியாலங்களே முக்கியம். அந்த நேரத்தில் கொழும்புக்கு பஸ் ஏறச் சொல்வது நியாயமல்ல. மூன்று, மோசடிப் பணம் போன கணக்கை உடனே முடக்கும் பொறுப்பும், நட்டத்தில் வங்கியின் பங்கு என்ன என்பதும் விதிகளில் தெளிவாக எழுதப்பட வேண்டும். நான்கு, காணி, பிறப்பு, இறப்புப் பதிவுகளின் பிரதிகள் இணையத்தோடு தொடர்பில்லாமல், ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் இருக்க வேண்டும்.

2022 இல் வங்குரோத்தான நாட்டில் இதற்கெல்லாம் பணம் ஏது என்று கேட்கலாம். மேலே சொன்னவற்றில் எதற்கும் விமானந்தாங்கிக் கப்பலின் விலை இல்லை. தொண்டர்களைக் கொண்டு எஸ்தோனியா செய்ததை, பல்கலைக்கழகத்தில் கணினி படித்துவிட்டு வேலையின்றி இருக்கும் நமது பிள்ளைகளைக் கொண்டு நாமும் செய்யலாம்.

நமது பங்கு

அரசாங்கம் செய்யும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கக் கற்றுத்தரப்பட்ட சமூகம் நாம். கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி பணிக்கும் வசனமே அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம். எழுதியதைப் பாதுகாப்பதும் அதில் அடங்கும் என்பேன்.

வங்கி அனுப்பும் ஒரு தடவைக் கடவு இலக்கத்தை, கேட்பவர் வங்கி முகாமையாளர் என்று சொன்னாலும் கொடுக்காதீர்கள். வழமையான வியாபாரி “கணக்கு இலக்கம் மாறிவிட்டது” என்று செய்தி அனுப்பினால், பழைய தொலைபேசி இலக்கத்திற்கு அழைத்து, குரலைக் கேட்ட பின்னரே பணம் அனுப்புங்கள். கடைக் கணக்கை வாரமொரு முறை பென்டிரைவில் பிரதி எடுத்து, கழற்றி, வேறொரு வீட்டில் வையுங்கள். கடையின் வட்ஸ்அப்புக்கு இரண்டாவது இரகசிய இலக்கத்தைப் போடுங்கள். ஏதும் நடந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே வங்கிக்கும், 101 என்ற இலக்கத்தில் சேர்ட் நிறுவனத்திற்கும், பொலிஸுக்கும் அறிவியுங்கள்.

வர்த்தக சங்கங்களும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் இணைந்து பிரதேச செயலகத்திடம் ஒரு நாள் பயிலரங்கைக் கோர வேண்டும். தமிழ், முஸ்லிம் வர்த்தகர் இருசாராரும் ஒன்றாக அமர்ந்து கேட்டால் அந்தக் கோரிக்கைக்கு இன்னும் பலம் கூடும். எழுத்தில் கேளுங்கள், பதிலையும் எழுத்தில் பெறுங்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த சிறுபோக அறுவடைப் பணம் கணக்குகளுக்கு வருமுன் இதனைச் செய்து முடிக்கலாம்.