முதுகுக்குள் பட்டினி கிடக்கும் உயிரணுக்கள்



பிழைப்புக்காகச் சொந்த ஊரை விட்டுப் பெருநகரங்களில் வந்து குடியேறிய நம் குடும்பங்களில், முதுகுவலியை அறியாத வீடு அரிது. மூட்டை சுமக்கிறவருக்கும் வலி. நாள் முழுவதும் கணினியின் முன் அமர்ந்திருக்கிறவருக்கும் வலி. தையல் இயந்திரத்தின்மேல் குனிந்திருக்கும் சகோதரிக்கும் வலி. 2020-ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 61.9 கோடி மக்கள் இடுப்பு வலியோடு வாழ்ந்தார்கள் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள்.

வலி நீடிக்கிறது. எம்.ஆர்.ஐ. எடுக்கிறோம். 'டிஸ்க் தேய்ந்துவிட்டது' என்று அறிக்கை வருகிறது. அந்த ஒரு வரி குடும்பத்தையே நிலைகுலையச் செய்கிறது. 'பாரம் தூக்கியதால்தான் இந்த நிலை' என்கிறார் ஒருவர். 'இனி வேலைக்கே போக முடியாது' என்கிறார் மற்றொருவர். இந்த இரண்டு முடிவுகளும் சரியானவைதானா? கடந்த முப்பது ஆண்டுகளில் நடந்த ஆராய்ச்சிகள் வேறொரு செய்தியைச் சொல்லுகின்றன. அதை நாம் அறிந்துகொள்வது நல்லது.

டிஸ்க் என்பது என்ன?

நம் முதுகெலும்பில் 23 டிஸ்க்குகள் உள்ளன. பேச்சுவழக்கில் இதை 'ஜவ்வு' என்கிறோம். இதன் நடுவில் நீர் நிறைந்த கூழ் போன்ற பகுதியும், அதைச் சுற்றி உறுதியான நார் வளையமும், மேலும் கீழும் மெல்லிய குருத்தெலும்புத் தகடும் இருக்கின்றன. கூழுக்குள் இருக்கும் அக்ரிகான் என்னும் பொருள் நீரைப் பற்றிப் பிடித்துக்கொள்கிறது. பகலில் நாம் நிற்கும்போதும் நடக்கும்போதும் சிறிது நீர் வெளியேறுகிறது. இரவில் படுத்திருக்கும்போது அது திரும்பி வருகிறது. மாலையில் இருப்பதைவிடக் காலையில் நாம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் உயரமாக இருப்பதற்கு இதுவே முக்கிய காரணம்.

இந்த அக்ரிகானை உண்டாக்குகிறவை டிஸ்க்கினுள் வாழும் உயிரணுக்கள். அவை டிஸ்க்கின் கன அளவில் சுமார் ஒரு சதவீதமே. அந்தச் சிறு கூட்டம்தான் வாழ்நாள் முழுவதும் அதைப் பழுதுபார்த்துப் பராமரிக்க வேண்டும். ஆனால் வளர்ந்த மனிதரின் டிஸ்க்கினுள் இரத்தக் குழாய்கள் ஏறக்குறைய இல்லை. நடுவில் இருக்கும் உயிரணுவுக்கும் மிக அருகிலுள்ள இரத்தக் குழாய்க்கும் இடையே 8 மில்லிமீட்டர் வரை தூரம் இருக்கலாம். பிராணவாயுவும் சர்க்கரையும் குருத்தெலும்புத் தகட்டின் வழியாகக் கசிந்துதான் உள்ளே வரவேண்டும். உள்ளே உண்டாகும் லாக்டிக் அமிலமும் பெரும்பாலும் அதே வழியாகத்தான் வெளியேற வேண்டும்.

இந்தக் கசிவை நம் கோயம்புத்தூரிலேயே அளந்து பார்த்தார்கள். கங்கா மருத்துவமனையின் டாக்டர் எஸ். ராஜசேகரனும் அவருடைய குழுவினரும் இரத்தத்தில் ஒரு மருந்தைச் செலுத்தி, அது டிஸ்க்கின் நடுப்பகுதியை எப்போது அடைகிறது என்று எம்.ஆர்.ஐ. படங்களால் பின்தொடர்ந்தார்கள். எலும்பில் அது சில நிமிடங்களில் உச்சத்தை அடைந்தது; டிஸ்க்கின் கூழில் உச்சத்தை அடைய சுமார் 6 மணி நேரம் ஆயிற்று. தகடு பழுதுபட்டபோது இந்தப் போக்குவரத்தின் ஒழுங்கு மாறியதையும் கண்டார்கள். இந்த ஆய்வுக்கு 2004-இல் பன்னாட்டு இடுப்பு முதுகெலும்பு ஆய்வுச் சங்கத்தின் பரிசு கிடைத்தது.

உயிரணு முதுமையடையும்போது

குழந்தைப் பருவத்தில் கூழினுள் நோட்டோகார்டு உயிரணுக்கள் என்னும் பெரிய உயிரணுக்கள் இருக்கின்றன. மனிதரில் சுமார் 10 வயதுக்குள் அவை பெரும்பாலும் மறைந்துவிடுகின்றன. நாய்களில் இது இனத்துக்கு இனம் மாறுபடுகிறது. குட்டைக்கால் டாக்ஸ்ஹண்ட் போன்ற இனங்கள் அவற்றை இளமையிலேயே இழந்துவிடுகின்றன; அவற்றுக்கு டிஸ்க் நோயும் இளவயதிலேயே வருகிறது. 2017-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அந்த இனங்களில் எஃப்.ஜி.எஃப்.4 என்னும் மரபணுவின் கூடுதல் பிரதி ஒன்று இருப்பதைக் கண்டு, அதை இந்த நோயோடு தொடர்புபடுத்தினார்கள். அந்த நாய்கள் மூட்டை சுமந்ததில்லை என்பதைக் கவனியுங்கள்.

எஞ்சியிருக்கும் உயிரணுக்களும் காலப்போக்கில் முதுமையடைகின்றன. முதுமையடைந்த உயிரணு பெருகுவதை நிறுத்திவிடுகிறது, ஆனால் இறந்துபோவதில்லை. அழற்சியைத் தூண்டும் பொருட்களையும், புரதத்தை அறுக்கும் நொதிகளையும் அது சுரந்துகொண்டே இருக்கிறது. அந்த நொதிகள் அக்ரிகானைச் சிதைக்கின்றன, நீர் குறைகிறது, டிஸ்க் தட்டையாகிறது, அருகிலுள்ள நல்ல உயிரணுக்களும் பாதிக்கப்படுகின்றன. தேய்ந்த டிஸ்க்குகளில் இத்தகைய முதிர்ந்த உயிரணுக்கள் மிகுதியாக இருப்பதை 2000-களின் நடுவில் இங்கிலாந்து ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆகவே 'தேய்மானம்' என்று நாம் சொல்லுவது செருப்பின் அடி தேய்வதைப் போன்றதல்ல. பராமரிக்க வேண்டியவர்கள் சோர்ந்துபோன வீட்டுக்கே அதை ஒப்பிடலாம்.

பாரம் தூக்கியதுதான் காரணமா?

பின்லாந்தில் 115 ஜோடி ஒத்த இரட்டையரான ஆண்களை ஆராய்ந்து, 1995-இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். ஒருவர் கடின உழைப்பாளி. உடன்பிறந்தவர் இலகுவான வேலை செய்கிறவர். டிஸ்க்குகளை ஒப்பிட்டபோது, இடுப்பின் மேற்பகுதியில் காணப்பட்ட வேறுபாட்டில் உடலுழைப்பு 7 சதவீதத்தை மட்டுமே விளக்கியது. கீழ்ப்பகுதியில் 2 சதவீதம். வயதையும், அதற்குமேல் குடும்பப் பின்னணியையும் சேர்த்தபோது முறையே 77, 43 சதவீதம் விளங்கிற்று. குடும்பப் பின்னணியில் மரபணுவும் உண்டு, ஒன்றாக வளர்ந்த சூழலும் உண்டு. அதே குழுவினர் 2002-இல் வாகனம் ஓட்டும் தொழிலையும் ஆராய்ந்தார்கள். ஓட்டுநரின் டிஸ்க் அவருடைய இரட்டையரின் டிஸ்க்கைவிட அதிகமாகத் தேய்ந்திருக்கவில்லை.

பாரம் தூக்கினால் வலியே வராது என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. கடும் வேலை வலியைத் தூண்டலாம். ஆனால், 'நான் உழைத்து உழைத்து என் முதுகை அழித்துக்கொண்டேன்' என்று தன்னையே குற்றப்படுத்திக்கொள்ளும் தகப்பனுக்கும், 'எங்களுக்காகத்தான் அவர் இப்படியானார்' என்று கண்ணீர் விடும் மனைவிக்கும் இந்த ஆய்வு ஆறுதலாக இருக்கட்டும்.

அறிக்கை வேறு, வலி வேறு

2015-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் படங்களைப் பற்றிய 33 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. வலியில்லாத 20 வயதினரிலேயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்வு காணப்பட்டது. 80 வயதினரில் 96 சதவீதம். ஆகவே படத்தில் தேய்வு தெரிவதாலேயே, வலிக்கு அதுதான் காரணம் என்றோ, எதிர்காலம் இருண்டுவிட்டது என்றோ முடிவுகட்ட வேண்டாம்.

நாம் கவனிக்க வேண்டியவை

முதலாவது, புகைப்பதை விட்டுவிடுங்கள். புகைக்கிறவரையும் புகைக்காத அவருடைய இரட்டையரையும் ஒப்பிட்ட 1991-ஆம் ஆண்டு ஆய்வில், புகைத்தவரின் டிஸ்க் தேய்வு சராசரியாக 18 சதவீதம் கூடுதலாக இருந்தது. ஏற்கெனவே குறைவாக உண்டு வாழும் உயிரணுவின் உணவில் நாம் கைவைக்கலாமா?

இரண்டாவது, படுத்தே இருக்காதீர்கள். 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், தவறாமல் நெடுந்தூரம் ஓடுகிறவர்களின் டிஸ்க்குகள், உடற்பயிற்சி செய்யாதவர்களின் டிஸ்க்குகளைவிட நீர்ச்செழிப்போடு இருந்தன. நம்மில் பலரால் ஓட இயலாது, ஆனால் நடக்கலாம். உட்கார்ந்தே வேலை செய்கிறவர்கள் இடையிடையே எழுந்து நடமாடுங்கள்.

மூன்றாவது, நகையை அடகு வைத்து 'ஸ்டெம் செல்' ஊசி போட ஓடாதீர்கள். உணவு எட்டாத இடத்தில் புதிய உயிரணுக்களைச் செலுத்தினால் அவை எப்படிப் பிழைக்கும் என்னும் கேள்விக்கு இன்னும் முழுமையான விடை இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி, இரத்தம் சார்ந்த சில நோய்களைத் தவிர, மற்றவற்றுக்கு இந்தச் சிகிச்சை முறையான ஆய்வில் மட்டுமே இடம்பெறலாம்; அத்தகைய ஆய்வில் நோயாளியிடம் பணம் கேட்பது முறையல்ல. முதிர்ந்த உயிரணுக்களை அகற்றும் மருந்துகள் 2021-இல் சுண்டெலிகளில் நற்பலன் தந்தன. அதுவும் முன்னதாகவே தொடங்கியபோது மட்டுமே. மனிதருக்கு அது இன்னும் சிகிச்சையாகவில்லை.

நான்காவது, ஆபத்தின் அறிகுறிகளை அலட்சியம் செய்யாதீர்கள். சிறுநீரோ மலமோ கட்டுப்பாட்டை இழப்பது, தொடைகளின் இடையே மரத்துப்போவது, கால் பலம் குன்றுவது, வலியோடு காய்ச்சல் வருவது, காரணமின்றி உடல் மெலிவது ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தோன்றினால் தாமதமின்றி மருத்துவரிடம் செல்லுங்கள்.

அருமையானவர்களே, உங்கள் வீட்டில் இப்படியோர் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு அஞ்சியிருப்பவர் யாரேனும் இருந்தால், இன்று மாலை அவரை அழைத்துக்கொண்டு தெருமுனை வரையிலாவது நடந்துவிட்டு வாருங்கள். அவருடைய முதுகு இன்னும் உயிருள்ள ஒன்று என்பதை வழியில் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.