கரண்ட் போட்டா தானா ஓடாதா?



ஒரு ராத்திரி பீகிள்போன் பிளாக் என்ற சின்ன போர்டோடு மல்லுக்கட்டிக் கொண்டிருந்தேன். உள்ளே இருப்பது ஆர்ம் கார்டெக்ஸ்-ஏ8 புராசஸர். கொத்தனார் வேலை முடிந்து வந்த அப்பா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏம்ப்பா, கரண்ட் போட்டா தானா ஓடாதா?"

ஓடாதுங்க!

லேபில் 8085 கிட்டை ஆன் செய்ததும் ரெடியாக நிற்கிறது. ரீசெட் ஆனதும் அது 0000 முகவரிக்குப் போகும். அங்கே யாரோ எழுதி வைத்த மானிட்டர் புரோகிராம் இருக்கும். அவர் போட்ட பாதையில்தான் நாம் நடக்கிறோம், அவர் யாரென்று கேட்டதே இல்லை.

இந்த போர்டில் முதலில் எழுவது சிப்புக்குள்ளேயே இருக்கும் ரோம். வெளியே 512 எம்.பி. டி.டி.ஆர்.3 ராம் இருக்கிறது. ஆனால் போர்டு செய்தவர் எந்த ராமைப் பற்றவைத்தார் என்பது ரோமுக்குத் தெரியாது. அதனால் அது மெமரி கார்டில் 'எம்.எல்.ஓ.' என்ற பைலைத் தேடி, சிப்பின் உள் ராமில் இறக்கும். அதிகபட்சம் 109 கே.பி.தான் இடம். அந்தக் குட்டிப் புரோகிராம் கிளாக்கைச் சரிசெய்து, வெளி ராமை எழுப்பி, பிறகுதான் பெரிய புரோகிராமைக் கூட்டி வரவேண்டும். இதை அப்பாவிடம் சொன்னேன். "சாரம் கட்டுற மாதிரின்னு சொல்லு" என்றார். எந்தப் புத்தகமும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை.

போர்டிலேயே இருந்த மெமரியை அழித்துவிட்டு, கார்டையும் தப்பாக எழுதியிருந்தேன். சீரியல் ஒயரில் 'சி சி சி' என்று எழுத்து வந்துகொண்டே இருந்தது. ஒயர் கோளாறு என்று இரண்டு நாள் அலைந்தேன். கடைசியில் பார்த்தால், "கார்டில் ஒன்றுமில்லை, ஒயர் வழியாகவாவது அனுப்பு" என்று ரோம் கேட்டுக் கொண்டிருந்திருக்கிறது!

பிறகு எல்.இ.டி. மின்னியது. சந்தோஷம் மூன்று நிமிடம்தான். சொல்லி வைத்தாற்போல் மூன்று நிமிடத்தில் ரீசெட். அடாப்டரை மாற்றினேன், பலனில்லை. நாலாயிரம் பக்கத்துக்கும் மேலான மேனுவலில் பதில் இருந்தது: ரோம் ஒரு வாட்ச்டாக் டைமரை ஓடவிட்டுத்தான் நம்மிடம் பொறுப்பைத் தருகிறது. ஒரு ரெஜிஸ்டரில் முதலில் ஏஏஏஏ, அடுத்து 5555 எழுதினால் அது நிற்கும். தமிழ் மீடியத்தில் படித்தவன் நான். ஆனால் ரெஜிஸ்டர் அட்டவணையைப் படிக்கப் பெரிய இங்கிலீஷ் தேவைப்படவில்லை, பொறுமைதான் தேவைப்பட்டது.

"யு-பூட் ரெடிமேடா கிடைக்குதே, உனக்கேன் இந்த வேலை?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். வேலைக்குப் போனால் நானும் அதைத்தான் போடுவேன். ஆனால் ரெக்கார்டைக் காப்பியடித்து, புரோகிராமைக் காப்பியடித்து, அவுட்புட்டுக்குக் கையெழுத்து வாங்கியே நமக்கு மூன்று வருஷம் போய்விடுகிறது. எழுந்திருக்காத போர்டு முன்னால் நிற்கும்போது எட்டிப் பார்க்கப் பக்கத்து பெஞ்ச் இருக்காது. என்னைப் போல வீட்டில் முதலாவதாகப் படிக்க வந்தவனுக்கு, கேட்க அண்ணன் அக்காவும் கிடையாது.

ஆகவே நம் யூனியனுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு விழாச் செலவில் கொஞ்சம் குறைத்து, இரண்டு போர்டும் ஒரு சீரியல் கேபிளும் வாங்கி லேபில் வையுங்கள். சனிக்கிழமை மதியம் உட்காரலாம், நானும் வருகிறேன். என்னிடம் இருப்பது சீனியர் அண்ணன் ஒருவர் கொடுத்தது. மே மாதம் திருப்பித் தரவேண்டும்.

– மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் பிரிவு