குப்பைக்கூடை பெண்களுக்கு மட்டும்தானா?

எங்கள் பகுதியில் உலகச் சுற்றுச்சூழல் தினத்தை ஒட்டி, ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பள்ளிக்கூட மைதானத்தில் கண்காட்சி நடத்துகிறார்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது. நாற்று இலவசம், மஞ்சப்பை இலவசம், சுண்டல்கூட இலவசம். வேலை செய்கிற எங்களுக்கும் சம்பளம் கிடையாதுங்க! மூன்று வருஷமாக நானும் தொண்டு வேலைக்குப் போய் வருகிறேன். நாலு பேர் பழக்கமாகிறார்கள், நாலு விஷயம் தெரிகிறது. அதில் எனக்குக் குறையே இல்லை. என் ஆதங்கம் வேறு.

வாசலில் கட்டுகிற பேனரிலேயே அது ஆரம்பித்து விடுகிறது. "இல்லத்தரசிகளே! குப்பையைப் பிரித்துக் கொடுங்கள்!" என்று கொட்டை எழுத்தில் இருக்கும். படத்தில் புடவை கட்டிய ஒரு பெண் பச்சைத் தொட்டியில் ஒன்று, நீலத் தொட்டியில் ஒன்று எனச் சிரித்துக்கொண்டே போடுவாள். மேடை ஏறுகிறவர்களும், "தாய்மார்கள் மனது வைத்தால்..." என்றுதான் தொடங்குகிறார்கள். ஏனுங்க, ஒரு வீட்டில் தாய்மார்கள் மட்டும்தான் குப்பை போடுகிறோமா?

நான் உட்காருவது வீட்டு உரம் செய்யும் ஸ்டாலில். ஜோடியாக வருவார்கள். என் மேசையில் இருக்கிற மண் தொட்டியையும் காய்ந்த இலையையும் பார்த்ததும், "நீ கேட்டுட்டு வா, நான் அந்தப் பக்கம் நிக்கறேன்" என்று அவர் நழுவி விடுவார். எங்கே போவார் என்கிறீர்கள்? சூரிய ஒளி மின்சாரம், பேட்டரி ஸ்கூட்டர் வைத்திருக்கிற பக்கம்! அங்கே, "ஒரு தடவை சார்ஜ் போட்டா எத்தனை கிலோமீட்டர் ஓடும்?" என்று அரை மணி நேரம் பேச்சு நடக்கும். அதுவும் நல்ல விஷயம்தான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் விலை போட்டு வாங்குகிற சுற்றுச்சூழல் ஆண்களுக்கு, கை நாறுகிற சுற்றுச்சூழல் நமக்கு என்று யார் பங்கு பிரித்தார்கள்?

என்னிடம் நிற்கிற பெண்கள் கேட்பது எல்லாம் செய்து பார்த்தவர்கள் கேட்கிற கேள்விகள். "அக்கா, நாத்தம் வருதே?" "புழு நெளியுதே, மாமியார் தூக்கி வீசச் சொல்றாங்க." ஈரம் கூடிப் போனால்தான் நாற்றம் வரும். ஒரு பங்கு காய்கறித் தோலுக்கு இரண்டு பங்கு காய்ந்த இலையோ தேங்காய் நார்த்தூளோ போட்டு, நாலைந்து நாளைக்கு ஒரு தடவை கிளறி விடுங்கள், தொட்டியில் ஓட்டை இருக்கட்டும், ஒரு கரண்டி புளித்த மோர் தெளியுங்கள், இரண்டு மாதத்தில் மண் வாசனை வந்து விடும் என்று சொல்லுவேன். புழு வந்தாலும் பயமில்லை, அது மக்க வைக்கிற வேலையைத்தான் செய்கிறது. இதெல்லாம் அவர்களுக்கு ஒரு தடவை சொன்னால் போதும்.

போன வருஷம் எங்கள் தெருவுக்கு வருகிற தூய்மைப் பணியாளர் அக்காவை ஸ்டாலுக்குக் கூப்பிட்டிருந்தோம். அவர் மேடையில் பேசவில்லை. மேசைக்கு வந்தவர்களிடம் உள்ளங்கையை விரித்துக் காட்டினார், அவ்வளவுதான். பெருவிரலுக்குக் கீழே நீளமாக ஒரு தழும்பு. "காய்த்தோல் கையைக் கிழிக்காதுங்கம்மா. பிளேடும் பாட்டில் சில்லும்தான் கிழிக்குது. கையுறை போட்டாலும் உள்ள எறங்கிருது" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

ஷேவிங் பிளேடு நாம் போட்டதா? பாட்டில் நாம் உடைத்ததா? ராத்திரி வாங்கி வருகிற பரோட்டா பார்சலில் குருமாவுக்கு ஒரு கவர், சட்னிக்கு ஒரு கவர், வெங்காயத்துக்கு ஒரு கவர்... அந்த ரப்பர் பேண்டை அவிழ்க்க முடியாமல் பாதி குருமாவோடு அப்படியே கூடையில் எறிகிறவர் யார்? செத்துப்போன செல்போன் சார்ஜர், ரிமோட் பேட்டரி, பெயின்ட் டப்பா எல்லாம் யார் கை வழியாகக் கூடைக்கு வருகிறது? நம் பங்கு இல்லை என்று சொல்ல வரவில்லை. நாப்கினையும் குழந்தை டயபரையும் பேப்பரில் சுற்றித் தனியாகக் கொடுப்பது நம் பொறுப்பு. ஆனால் வீட்டில் நாலு பேர் கலந்து போட்டதை ஒருத்தி மட்டும் உட்கார்ந்து பிரிப்பதும், அவள் விட்டதைத் தெருவில் இன்னொருத்தி வெறுங்கையால் பிரிப்பதும் என்ன நியாயம்?

2016-ல் மத்திய அரசு கொண்டு வந்த திடக்கழிவு விதியிலேயே, கழிவை உண்டாக்குகிற ஒவ்வொருவரும் அதை மக்கும் குப்பை, மக்காத குப்பை, அபாயக் குப்பை என மூன்றாகப் பிரித்து வைக்க வேண்டும் என்று இருந்தது. ஒவ்வொருவரும்! இல்லத்தரசி என்று அதில் எங்கேயும் கிடையாது. பேனர் எழுதுகிறவர்கள்தான் சேர்த்துக் கொண்டார்கள்.

2024 ஏப்ரலில் எங்கள் கோவை வெள்ளலூர் குப்பைக் கிடங்கு பற்றி எரிந்து, நாள் கணக்கில் புகைந்தது. ஈரக் குப்பையும் பிளாஸ்டிக்கும் ஒன்றாகக் குவிந்தால் உள்ளே வாயு உண்டாகி, பிடித்த தீ லேசில் அணையாது. அந்தப் புகையை ஆண், பெண் பார்த்தா மூச்சு இழுத்தோம்?

இன்னொன்று தோன்றுகிறது. 2019 ஜனவரி முதல் நம் தமிழ்நாட்டில் ஒரு தடவை போட்டு எறிகிற பிளாஸ்டிக்குக்குத் தடை. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' வந்தது. அந்தக் காலத்தில் மஞ்சப்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு பஸ்ஸை விட்டு இறங்கியவர்கள் யார்? நம் தாத்தாக்களும் அப்பாக்களும்தானே! ஹோட்டலுக்குத் தூக்குப்போசி எடுத்துப் போய் சாம்பார் வாங்கி வந்தவர் என் அப்பா. அது கௌரவக் குறைச்சல் என்று அவர் நினைத்ததில்லை. இப்போது என்னடாவென்றால், பையை மறந்து கடைக்குப் போய், "கவர் குடுப்பா" என்று கேட்டு வாங்கி வந்துவிட்டு, வீட்டில் நம்மைப் பார்த்து, "பிளாஸ்டிக் சேருதே" என்கிறார்கள்.

நம்மிலும் சிலர் விடுவதில்லை. "ஆம்பளை குப்பைக்கூடையைத் தூக்கினா தெருவுல என்ன நினைப்பாங்க?" என்று கேட்கிற மாமியார்கள் இருக்கிறார்கள். குப்பை வண்டி வருகிற காலை நேரத்தில்தான் நமக்கு டிபன் பாக்ஸ் கட்டுகிற வேலை. பேப்பர் படித்துக்கொண்டு திண்ணையில் இருப்பவர் இரண்டு எட்டு எடுத்து வைத்தால் கிரீடம் இறங்கி விடுமா?

போன தடவை நாங்களாக ஒன்று செய்தோம். ஒரு பெரிய டப்பில் எல்லாக் குப்பையையும் சுத்தமாகக் கழுவி, பிளேடு, சில்லுக்குப் பதில் அட்டையில் வெட்டியதைப் போட்டு, 'அப்பாக்களுக்கு மட்டும்' என்று போர்டு வைத்தோம். இரண்டு நிமிஷத்தில் பிரிக்க வேண்டும். பிள்ளைகள் அப்பாக்களைக் கையைப் பிடித்து இழுத்து வந்தார்கள் பாருங்கள்! பல்பை எதில் போடுவது, காலாவதி மாத்திரையை எதில் போடுவது என்று தெரியாமல் விழித்தவர்கள்தான் அதிகம். "அப்பா, தப்பு தப்பு!" என்று பிள்ளைகள் கத்த, பெரிய மனிதர்கள் எல்லாம் அசடு வழிந்தார்கள். வெட்கப்பட்டாலும் நின்று கேட்டுக்கொண்டு போனார்கள். ஒருவர் மட்டும், "இதெல்லாம் வீட்டுல அவ பார்த்துக்குவா" என்று நகர்ந்தார். அவருடைய மகளே, "நீ ஒரு தடவை செய்யேன்ப்பா" என்றாள்.

இந்த மாதிரிக் கண்காட்சி நடத்துகிறவர்களை நான் கேட்டுக்கொள்வது இதுதான். பேனரில் 'இல்லத்தரசிகளே' வேண்டாம், 'வீட்டில் உள்ளவர்களே' என்று எழுதுங்கள். தொண்டு செய்ய வருகிற பெண்களைப் பன்னீர் தெளிக்கவும் சுண்டல் கொடுக்கவும் மட்டும் நிறுத்தாமல், மைக்கையும் கையில் கொடுங்கள். தெரு பெருக்குகிற ஒரு அக்காவையாவது கூப்பிட்டுப் பேச வையுங்கள். விடுமுறை நாளில் வருகிற அவருக்கு ஒரு நாள் சம்பளத்தைக் கணக்குப் பண்ணிக் கவரில் வைத்துக் கொடுங்கள். எங்களுக்கு வேண்டாம், அவருக்கு இலவச வேலை வேண்டாம்.

— ஒரு வாசகி, கோவை.